முதலில் சுண்ணாம்பா, முதலில் பயனா? பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைப்பது குறித்து ஒரு விவாதம்

சேப்பாக்கத்துக்காரன்:

கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்க்காமல் கடந்திருக்க முடியாது. ராபர்ட் சிஷோம் வரைந்த திட்டப்படி 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்த கட்டடம். பல்கலைக்கழகத்தின் 150-ஆவது ஆண்டையொட்டி அதை மிகுந்த அக்கறையோடு சீரமைத்தார்கள். வேலையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அதன் பிறகு அந்த மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. பூட்டிய கட்டடத்தில் புறா நுழையும், மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் ஓதம் ஏறும். கொட்டிய பணமும் உழைப்பும் சத்தமில்லாமல் கரையும்.

அதே சாலையில் சற்றுத் தெற்கே சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் கட்டியது. அதன் ஒரு பகுதியான கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை சரிந்தது. தீயணைக்க உள்ளே போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். பொதுப்பணித் துறை அதை மீட்டுக் கட்டியது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு நடக்கிறது. வழக்கறிஞர்களும் மனுதாரர்களும் அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். விளக்கு எரியவில்லை என்றால் அன்றைக்கே யாரோ ஒருவர் புகார் சொல்கிறார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கட்டடத்தில் யார் இருக்கப்போகிறார்கள், காலையில் எத்தனை மணிக்கு யார் கதவைத் திறப்பார்கள் என்று முடிவு செய்யாமல் சீரமைப்புக்கு டெண்டர் விடக் கூடாது. முதலில் பயன், அதற்குப் பிறகு சுண்ணாம்பு. உங்கள் கருத்துகளை எழுதுங்கள். மாறுபட்டவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

சுண்ணாம்புக்கலவை:

அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய கட்டடங்களில்தான் பாதிப் பணிக்காலம் போனது. தம்பி சொல்வதில் பாதிக்கு மட்டும் உடன்படுகிறேன்.

மெட்ராஸ் டெரஸ் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்தரம், அதன் மேல் தேக்குச் சட்டங்கள், சட்டங்களின் மேல் அச்சுக்கல் எனப்படும் சிறிய செங்கற்களை விளிம்பில் நிறுத்திக் கோணவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் கட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளித்துக்கொண்டே தட்ட வேண்டும். கட்டை பட்டுத் தெறிக்கும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகே தட்டோடு பதிப்பார்கள். நூறு ஆண்டு தாங்கும் கூரை இது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் நீர் இறங்கி உத்தரத்தின் முனை சுவருக்குள் உளுத்துப்போனால், ஒரு மழைக்காலத்தில் அறை முழுவதும் கீழே வந்துவிடும்.

அப்படிப்பட்ட கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, இது நூலகமா நீதிமன்றமா என்று கூட்டம் போட முடியாது. மழையைத் தடுப்பது, செடிகளை வேரோடு எடுப்பது, சாய்ந்த சுவருக்கு முட்டுக்கொடுப்பது ஆகிய மூன்றுக்கும் எந்த முடிவும் தேவையில்லை. உடனே செய்ய வேண்டும். தரை, படி, மின்சாரம், கழிப்பறை என்று வரும்போது தம்பி சொல்வது முழு உண்மை.

புதுவைப்பெண்:

பொறியாளர் ஐயா சொன்னதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், 1870-களில் எழுந்த நகர மன்றம். அதைச் சீரமைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். 2014 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்தைப் பார்த்துப் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, கடற்கரையின் வரிசையும் கெடவில்லை. ஆனாலும் நான் சிறுமியாக இருந்தபோது தொட்டுப் பார்த்த சுவர் அது இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது; எங்களுக்குத் தெரியும்.

பயனை முடிவு செய்யும்வரை காத்திருங்கள் என்று எழுதும் அன்பர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேப்பாக்கத்துக்காரன்:

அவசரப் பாதுகாப்பு வேறு, சீரமைப்பு வேறு என்று ஐயா பிரித்துக் காட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். முட்டுக்கொடுப்பதற்கும் தார்ப்பாய் போடுவதற்கும் ஆண்டுக்கணக்கில் கோப்பு நகர வேண்டியதில்லை. என் சண்டை அதற்கு அடுத்த கட்டத்தோடு. கோடிகளில் மதிப்பீடு தயாராகும்போது "பின்னர் முடிவு செய்யப்படும்" என்று ஒரு வரியை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்களே, அந்த வரியோடு.

வரைபடமாணவி:

கட்டடக் கலை நான்காம் ஆண்டு படிக்கிறேன். பயனை முதலில் முடிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான வழி ஒன்றே போதும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கும் 5 ஆண்டுக் கெடு வைத்தது. சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவில் இருக்க வேண்டும். பழைய கட்டடத்தின் தரைத்தளம் வெளித் தரைமட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் சாய்தளத்துக்கு 12 மீட்டர் நீளம் வேண்டும். நடுவில் திரும்பும் இடம் தனி. இதை முகப்பில் வைப்பதா, பக்கவாட்டு வராந்தாவை ஒட்டி வைப்பதா என்பது எந்த வாசல் முதன்மை வாசல் என்பதைப் பொறுத்தது. அது பயனைப் பொறுத்தது. கடைசி நேரத்தில் நினைவு வந்து, பின்பக்கம் குப்பைத்தொட்டி அருகே ஒரு சிமெண்ட் சரிவைக் கொட்டிவிட்டுப் போவதை ஏற்க முடியாது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் அந்தத் தூண்களுக்கு நடுவே நுழைய வேண்டும்.

லிஃப்ட்டும் அப்படித்தான். பழைய சுவரை உடைத்து உள்ளே வைத்தால் திரும்பப் பெற முடியாது. வெளியே தனிச் சட்டகத்தில் நிறுத்தி, ஒரு சன்னலை மட்டும் வாசலாக மாற்றினால், நாளை எடுத்துவிடலாம். மின்கம்பிகளுக்காகச் சுவரைக் குடையாமல் வெளியில் ஓடும் குழாய்களில் கொண்டுபோவதும் இதே காரணத்துக்காகத்தான். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான உலக நெறிமுறையாக 1964-இல் உருவான வெனிஸ் சாசனத்தின் 5-ஆவது பிரிவு, சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்குப் பழைய கட்டடத்தைப் பயன்படுத்துவது அதன் பாதுகாப்புக்கு உதவும் என்கிறது. அதற்காக அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மதுரைநூலகர்:

எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் "அருங்காட்சியகம்" என்று அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. அருங்காட்சியகத்தை நான் வெறுக்கவில்லை. எங்கள் ஊர்க் காந்தி அருங்காட்சியகம் இருப்பது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில். ஆங்கிலேய அதிகாரிகள் குடியிருந்த அந்த மாளிகையை 1950-களில் அரசு காந்தி நினைவு நிதிக்கு அளித்தது. 1959-இல் நேரு திறந்துவைத்தார். காந்தியின் கடைசி நாளில் இரத்தம் படிந்த துணி அங்கே இருக்கிறது. ஒரு கோடைக்கால அரண்மனைக்கு இதைவிடப் பொருத்தமான மறுபிறப்பை யாரும் கொடுத்திருக்க முடியாது. அங்கே காட்டுவதற்குப் பொருளும் இருந்தது, பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பும் இருந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் அப்படித்தான். நடன விருந்துகள் நடந்த பாந்தியன் மாளிகைக்கு 1854-இல் குடிபோனது.

காட்டப் பொருளே இல்லாமல், நான்கு பெரிய படங்களையும் ஒரு தொடுதிரையையும் வைத்து அருங்காட்சியகம் என்பதைத்தான் எதிர்க்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருமுறை வருவார்கள். இரண்டாம் முறை யார் வருவார்கள்? அதற்குப் பதிலாக வாசகசாலை வையுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இடமில்லாமல் பூங்காக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். உயர்ந்த கூரை, தடித்த சுவர், மதிய வெயிலிலும் உள்ளே நிழல் என்று படிப்பதற்கென்றே கட்டியவை போல இந்தக் கட்டடங்கள் இருக்கின்றன.

சுண்ணாம்புக்கலவை:

நூலகர் அம்மாவின் ஆசை நியாயமானது. ஓர் எச்சரிக்கை மட்டும். இந்தியத் தர விதி 875-இன் 2-ஆம் பகுதிப்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை தாங்கினால் போதும். புத்தக அடுக்கு அறைக்குக் குறைந்தது 6. அடுக்கின் உயரம் கூடினால் இன்னும் கூடும். ஏறக்குறைய 600 கிலோ ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நிற்கும். நவாப் குடும்பம் நடமாடுவதற்காகப் போட்ட மாடித் தளத்தின் மேல் இதை ஏற்றக் கூடாது. அடுக்குகளைத் தரைத்தளத்தில் வையுங்கள், மாடியை வாசிப்பு மேசைகளுக்குக் கொடுங்கள். அலுவலகமாக இருந்த கட்டடங்களிலும் இதே ஆபத்து உண்டு. அறை அறையாகக் கோப்புகளை அடுக்கி உத்தரங்கள் தொய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். காகிதத்தின் எடையை யாரும் மதிப்பதில்லை.

இதனால்தான் பயனை முதலில் கேட்கிறோம். உத்தரத்துக்கு அருகில் இரும்பு துணைச் சட்டம் கொடுக்க வேண்டுமா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

சிராங்கூன்வாசி:

சிங்கப்பூரில் இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். 1929-இல் கட்டிய நகர மண்டபமும் 1939-இல் கட்டிய பழைய உச்ச நீதிமன்றமும் அருகருகே நிற்கின்றன. இரண்டும் 1992-இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. 1945 செப்டம்பரில் ஜப்பானியப் படை சரணடைந்தது அந்த நகர மண்டபத்தில்தான். இரண்டையும் கலைக்கூடமாக்கப் போவதாக 2005-இல் பிரதமர் தேசிய தினப் பேருரையில் அறிவித்தார். 2007-இல் வடிவமைப்புப் போட்டி. 2015 நவம்பர் 24-இல் தேசியக் கலைக்கூடம் திறந்தது. பயன் என்ன என்று முடிவான நாளுக்கும் கதவு திறந்த நாளுக்கும் இடையே 10 ஆண்டுகள்.

இரண்டு கட்டடங்களையும் மரம் போன்ற தூண்கள் தாங்கும் கண்ணாடியும் உலோகமும் கலந்த கூரையால் இணைத்தார்கள். கீழே தோண்டிப் புதிய தளங்களை அமைத்தார்கள். நீதிமன்ற அறைகளையும் கைதிகளை நிறுத்திவைத்த சிறு அறைகளையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தக் கொட்டடிக்குள் நின்றுவிட்டு ஓவியங்களைப் பார்க்கப் போவது மனத்தை உலுக்கும் அனுபவம்.

செலவு 53 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல். அந்தப் பணம் எல்லா ஊரிலும் இருக்காது என்பது தெரியும். வரிசைமுறையைக் கடைப்பிடிக்கப் பணம் வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொதுக் காட்சிக்கூடங்கள் இலவசம். வெளிநாட்டவர் டிக்கெட் வாங்க வேண்டும். இந்த ஊரைக் கட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அந்தப் படிகளில் தயங்காமல் ஏறும் நாள் வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கொழும்புவாசகர்:

எங்கள் கோட்டைப் பகுதியில் உள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், தடித்த சுவர்களும் முற்றங்களும் கொண்டது. பிற்காலத்தில் காவல் நிலையமாக இருந்தது. 1996-இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்தது. 2011-இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள். வாடகை வருவதால் பராமரிப்பு நடக்கிறது, ஓடு ஒன்று விழுந்தாலும் மாற்றுகிறார்கள். முற்றத்தில் யாரும் நடக்கலாம். உட்கார்ந்து சாப்பிடத்தான் பை கனமாக இருக்க வேண்டும். கட்டடம் பிழைத்தது என்பதில் மகிழ்ச்சி. பொதுப் பயன் என்ற பெயரை இதற்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

நேர்பட:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் கேட்கிறேன். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் கூரை ஒழுகுகிறது. அதை விட்டுவிட்டு நவாபும் வெள்ளைக்காரரும் கட்டியவற்றுக்கு ஏன் கோடிகளைக் கொட்ட வேண்டும்? இடித்துவிட்டு அதே இடத்தில் நூலகர் கேட்கும் வாசகசாலையைப் பத்து மாடிக்குக் கட்டலாமே. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே பதில் வேண்டும்.

சேப்பாக்கத்துக்காரன்:

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு விக்டோரியா பொது மண்டபத்தைச் சொல்வேன். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கிறதே, அது. பெயர் ராணியுடையது, பணம் ஊராருடையது. நகரத்துக்கு ஒரு மண்டபம் வேண்டும் என்று செல்வந்தர்களும் சமஸ்தானத்தாரும் நன்கொடை கொடுத்தார்கள். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். வடிவமைத்தவர் சிஷோம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. தமிழ் நாடகம் சபை கௌரவம் பெற்ற மேடைகளில் அது ஒன்று. அதை வெள்ளைக்காரர் கட்டடம் என்று ஒதுக்கினால் நம் தாத்தாக்களின் கைதட்டலையும் சேர்த்து ஒதுக்குகிறோம்.

பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்யத்தான் வேண்டும். அதற்கும் இதற்கும் ஒரே நோய்: கட்டும்போது பணம் ஒதுக்குகிறோம், பராமரிப்புக்கு ஒதுக்குவதில்லை. மழைக்கு முன் கூரையைப் பெருக்கி நீர்க்குழாயைச் சுத்தம் செய்ய ஆண்டுதோறும் ஒரு சிறிய தொகை இருந்தால் இரண்டும் பிழைக்கும்.

இடிப்பதைப் பற்றி: அண்ணா சாலையில் 1897-இல் ஒரு மருந்துக் கடைக்காக எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நடந்தது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம், பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் இருந்த 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் காக்கும்படியும், பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கும்படியும் தீர்ப்பளித்தது. சட்டம் தன் பங்கைச் செய்தது. கட்டடமோ இடிக்கவும் முடியாமல் பயன்படவும் இல்லாமல் சிதைந்து நின்றது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் ஒரு கட்டடம் வாழ்ந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

நேர்பட:

பராமரிப்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நாடக மண்டபத்தில் மறுபடியும் நாடகம் நடந்தால் டிக்கெட் வாங்கி வருவேன். காட்சிப் பொருளாக வைத்தால் வர மாட்டேன்.

மூன்றாம்தலைமுறைக்கொத்தனார்:

எல்லோரும் கட்டடத்தைப் பற்றி எழுதினீர்கள். வேலை செய்கிறவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். என் தாத்தா செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசியவர். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர் விட்டு நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கடைசிப் பூச்சு பூசி, கூழாங்கல்லால் தேய்த்தால் சுவரில் முகம் தெரியும். அந்த வேலைக்கு அவசரம் ஆகாது. சுண்ணாம்பு காற்றை வாங்கி மெல்ல இறுக வேண்டும்.

டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. அவருக்கு நிதியாண்டு முடிவதற்குள் பில் போட வேண்டும். மார்ச் மாதம் வந்ததும் சுண்ணாம்புக் கலவையில் சிமெண்டைக் கலக்கச் சொல்வார்கள். ஓரிடத்தில் நான் மாட்டேன் என்றேன்; மறுநாள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஓதத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும், உப்புப் பூக்கும், செங்கல்லின் முகமே மாவாக உதிரும். கடற்கரைக்குப் பக்கத்தில் இன்னும் சீக்கிரம். இரண்டு மழை போனால் பூச்சு பலகை பலகையாக விழும். அப்போது "பழைய முறை தாங்கவில்லை" என்று எங்கள் தலையில் பழி வரும்.

முதலில் பயனா சுண்ணாம்பா என்று கேட்டீர்கள். சுண்ணாம்பு என்று எழுதினால் அது உண்மையிலேயே சுண்ணாம்பாக இருக்க வேண்டும் என்பது என் பதில். வேலைக்குக் காலக்கெடுவை மழைக்காலத்தையும் கலவை இறுகும் நாட்களையும் பார்த்து வையுங்கள். தளம் தட்டத் தெரிந்த பெண்கள் இப்போது ஊருக்கு ஒருவர் இருவர்தான். ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே வேலையில்லாமல் அவர்கள் வேறு கூலிக்குப் போய்விடுகிறார்கள். நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பட்டியலில் இருக்கின்றனவே. ஆண்டுதோறும் பராமரிப்பு வேலை கொடுத்தால் அந்தக் கைகள் தொழிலை விடாது.

சுண்ணாம்புக்கலவை:

கொத்தனார் தம்பி எழுதியதை மதிப்பீடு போடும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். குறைந்த விலை முறையில் இத்தகைய வேலைக்குத் தகுதிச் சோதனை கட்டாயம் வேண்டும். மாதிரிக்கு ஒரு சுவரைப் பூசிக் காட்டச் சொல்லி, காய்ந்த பிறகு வேலையை ஒப்படைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நான் பணியில் இருந்தபோது இதைக் கோப்பில் எழுதினேன், இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரைபடமாணவி:

கொத்தனார் அண்ணா, எங்கள் பாடத்தில் சுண்ணாம்பு பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் யாரும் கையால் தொட்டதில்லை. நீற்றும் இடத்துக்கு வந்து பார்க்கலாமா? வகுப்பில் இன்னும் சிலர் வர ஆர்வமாக இருக்கிறார்கள்.

மூன்றாம்தலைமுறைக்கொத்தனார்:

தாராளமாக வாருங்கள், தங்கச்சி. இப்போது காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு வேலை நடக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு நாளைச் சொல்கிறேன். காலையிலேயே வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் தொட்டியருகே நிற்க முடியாது. நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் மூடிய செருப்பும் அணிந்து வாருங்கள். கடுக்காயை முதல் நாளே ஊறவைத்துவிடுகிறேன். தளம் தட்டும் அக்காவையும் வரச் சொல்கிறேன், கேட்க வேண்டியதை அவரிடம் கேளுங்கள்.